அரியநாயகம் வளவுக் கிணற்று எண்ணெய்

1996ஆம் ஆண்டு வைகாசி மாதம் பதினோராம் திகதி சனிக்கிழமை காலை, வடக்கே தீவுப்பகுதியில், சுருவில் என்ற ஊரில், அரியநாயகத்தின் வளவுக் கிணறு எண்ணெய் தரத் தொடங்கியது. அன்று பதினொரு போத்தல் வந்தது. அப்போது ஊருக்குத் திரும்பி வந்து குடியிருந்தவை பதினொரு குடும்பங்கள். அடுத்த மாதம் இன்னும் மூன்று குடும்பங்கள் வந்து சேர்ந்தபோது அந்தச் சனிக்கிழமை பதினான்கு போத்தல் வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிணற்றுக்குப் போய் ஆட்கணக்குக் கொடுத்தது யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற பழக்கம் தீவுப்பகுதியில் விட்டுப்போய் அப்போதே ஆறு வருடம். மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காத காலம் அது. ஆகவே சனங்கள் எண்ணெயை மணந்து பார்த்தார்கள், திரியில் தொட்டுக் கொளுத்திப் பார்த்தார்கள், எரிந்தது. பிறகு போத்தலோடு வரிசையில் நின்றார்கள்.

கிணறு என்பது பேச்சுக்குச் சொல்வது. 1990இல் ஊர் எழும்பி ஓடியபோது அதில் எட்டு முழம் தண்ணீர் நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது, கட்டுக்கு நாலு முழம் கீழே வரை முருகைக்கல்லால் நிரப்பிக் கிடந்தது. மற்றக் கிணறுகளில் யாரும் அப்படிக் கல் போட்டிருக்கவில்லை. கல்லை அள்ளித் துப்புரவாக்குவோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிதிவெடி இருக்கலாம் என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள், அது நல்ல காரணம்தான். வளவுக்காரர் அரியநாயகம் கனடாவிலிருந்து, தன்னுடைய பனைகளை மட்டும் யாரும் தறிக்கக் கூடாது என்று கடிதம் எழுதினார். பனைகளெல்லாம் ஏற்கெனவே காவலரண் கட்டப் போய்விட்டன என்று அவருக்குப் பதில் எழுத யாருக்கும் மனம் வரவில்லை. கல்லுகளுக்கு மேலே ஊறி நிற்கும் எண்ணெயைக் கோயிலில் மணி அடித்து மெழுகுதிரி கொளுத்துகிற சங்கிலித்தாம் யாகப்பு ஒரு தகரப் பேணியால் அள்ளி எல்லாருக்கும் அளந்து ஊற்றினார். பால் விடாத வெறுந்தேத்தண்ணியின் நிறம். புகை கிடையாது. ஜாம்போத்தலுக்குள் பஞ்சு அடைத்து, சைக்கிள் வால்வுக் குழாயில் திரி கோத்து எரிக்கிற விளக்கில், ஒரு போத்தல் எண்ணெய் ஒரு கிழமைக்கு, அடுத்த சனி வரைக்கும், சரியாகக் காணும். கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் தொங்கும் விளக்கும் அந்த எண்ணெயில்தான் எரிந்தது. கிணற்றுக் கட்டு எந்த நேரமும் சுட்டது. முழங்கால் நோவுக்காரர்கள் பின்னேரங்களில் அதில் சாய்ந்திருந்து சுகம் கண்டார்கள். எண்ணெயை மோட்டார் வள்ளத்துக்கு விட்டவர்கள் மாத்திரம் ஒரு குறை சொன்னார்கள். கரை கண்ணுக்கு மறைகிற தூரம் போனவுடன் வள்ளம் தன்பாட்டில் திரும்பும். சுக்கானை என்ன பிடி பிடித்தாலும் கேட்காது, முகத்தைச் சுருவில் பக்கம் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடும். தரம் குறைந்த எண்ணெய் என்று முடிவுகட்டி, அதை விளக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கிணற்று வளவுக்குப் பக்கத்து வீட்டில் மேரிஜோசப்பின் என்ற பெண் இருந்தாள். அவளுடைய கணவர் பத்திநாதர் வள்ளங்களின் பலகை இடுக்குகளை அடைக்கிற கலப்பத்து வேலைக்காரர். சுருவிலில் அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். 1990 ஐப்பசி பன்னிரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை துப்பாக்கியோடு வந்தவர்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இருபத்துமூன்று ஆண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், மற்றவர்கள் அந்த நேரமே ஊரை விட்டு ஓடினார்கள். விசாரணை நீண்டுகொண்டே போனது. தெற்கில் ஒரு சிறையில் வைத்திருப்பதாக ஒரு வருடம் கதை வந்தது, மலைநாட்டில் வீதி போடுகிறார்கள் என்று இன்னொரு வருடம் வந்தது. மேரிஜோசப்பின் எல்லாக் கதையையும் நம்பினாள், எல்லா ஆணைக்குழுவுக்கும் கடிதம் கொடுத்தாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னபோது கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டாள். ஆத்துமப் பூசையாவது ஒப்புக்கொடுப்போமே என்று பங்குச் சுவாமி கேட்டதற்கு, "உயிரோட இருக்கிற மனிசனுக்கோ சுவாமி?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுடைய கவலை வேறு. பனைகளும் இல்லை, வேலிகளும் இல்லை, பாதி வீடுகளுக்குக் கூரையும் இல்லை. மனிசன் வந்தால் ஒழுங்கை எது, வீடு எது என்று தெரியாமல் தட்டுப்பட்டுப் போவார். ஆகவே கிணறு எண்ணெய் தரத் தொடங்கிய நாள் முதல், பொழுதுபட்டதும் வாசல் படலையடியில் ஒரு ஜாம்போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்தாள். வாடைக்காற்றில் ஊரிலுள்ள விளக்கெல்லாம் நூரும்போதும் அது நூரவில்லை. திரி நல்லது என்று அவள் நினைத்தாள். அவளுடைய மகள் அன்ரனிட்டா அந்த வெளிச்சத்தில்தான் குந்தியிருந்து படித்தாள், எல்லாச் சோதனையும் பாஸ் பண்ணினாள்.

கிணற்றுச் சங்கதி கொழும்புக்குப் போனது ஒரு தாயின் கடிதத்தால். புங்குடுதீவில், இறுப்பிட்டியைச் சேர்ந்த சீதேவி அம்மா எழுதிய கடிதம் அது. அவருடைய கணவர் தம்பிஐயா தெற்கே கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபிறகு ஊரோடு வந்து இருந்தார். அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை, அப்போது வள்ளமும் வைத்திருந்த யாகப்புவிடம் கருவாடு வாங்கச் சைக்கிளில் சுருவிலுக்குப் போனவர் இருபத்துமூன்றில் ஒருவராகிவிட்டார். மகன் சிவகரன் கொழும்பில் எண்ணெய் தேடுகிற அரசாங்கப் பகுதி ஒன்றில் வேலை. "உன்ரை படிப்புக்கு ஏத்த கிணறு ஒண்டு சுருவிலில கிடக்கு, வந்து பார்" என்று தாய் எழுதியிருந்தார். 1997 மாசியில் ஆயிரத்தெட்டு அனுமதி எடுத்துக்கொண்டு சிவகரன் வந்தார்.

அவருடைய தொழிலைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். சிவகரன் படித்த காலத்தில் எண்ணெய் தேடுவது என்றால் கூன் தேடுவதுதான். பூமிக்குள் பாறை எங்கே கூன் போட்டு நிற்கிறதோ அங்கே துளை போடுவது, எண்ணெய் வந்தால் வந்தது, வராவிட்டால் அடுத்த கூனுக்குப் போவது. எழுபதுகளில் வெளிநாட்டுக்காரர் இந்தக் கடல்களில் துளை போட்டதும் அந்த நம்பிக்கையில்தான், வெறுங்கையோடு போனதும் அந்த நம்பிக்கையில்தான். பிறகு கேள்வி மாறியது. எண்ணெய் எங்கே கிடக்கிறது என்று கேட்பதை விட்டு, எங்கே பிறந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். எது செத்து எண்ணெயானது, எவ்வளவு ஆழத்தில் புதைந்தது, என்ன சூட்டில் வெந்தது, எந்த வழியால் ஏறி வந்தது, மேலே மூடி போட்டது எது, எல்லாம் ஒழுங்கு பிசகாமல் நடந்ததா. மூடி பிந்தினால் எண்ணெய் இல்லை, சூடு முந்தினாலும் எண்ணெய் இல்லை. சிவகரன் இதை விளங்கப்படுத்தியபோது சீதேவி அம்மா, "செத்த வீட்டில விசாரிக்கிற விசாரணைதானே உது, இதுக்கோ இவ்வளவு படிச்சனீ?" என்றார்.

சிவகரன் மூன்று போத்தல் எண்ணெய் எடுத்துக்கொண்டு போனார். கொழும்பில் அப்போது இருந்த கருவிக்குள், தலைமயிர்த் தடிப்பில் முப்பது மீற்றர் நீளக் குழாய் ஒன்று சுருட்டி வைத்திருக்கும். எண்ணெயை அதற்குள் விட்டுச் சூடாக்கினால் ஒவ்வொரு கூறும் தன் தன் நடைக்கு ஓடிமுடித்து வெளியே வரும், வரும்போது தாளில் ஒரு கூர் விழும். பூமியெண்ணெய் எதை விட்டாலும் கூர்கள் சீப்புப் பல்லுப்போல ஒழுங்காக நிற்கும். சுருவில் எண்ணெயில் அவை கும்பல் கும்பலாக நின்றன. சிவகரன் எண்ணினார், இருபத்துமூன்று கும்பல். ஜாம்போத்தலைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து, கோப்பில் 'மாதிரி அழுக்கானது' என்று எழுதி மூடிவைத்தார்.

ஐந்து வருடத்தில் கருவி வளர்ந்துவிட்டது. குழாயால் வெளியே வருகிற ஒவ்வொரு கூறையும் உடைத்து, உடைந்த துண்டுகளை நிறுத்துப் பார்க்கிற இரண்டாவது கருவி ஒன்று அதோடு சேர்ந்தது. குளத்துத் தண்ணீரில் ஒரு பேணி பாலைக் கலந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். செத்த உயிரின் கொழுப்பு, எவ்வளவு வெந்தாலும் தன் எலும்புக்கூட்டை எண்ணெய்க்குள் விட்டுவிட்டுத்தான் போகும் என்பதும், அதை வைத்து அது பாசியா, மரமா, மிருகமா என்று சொல்லலாம் என்பதும் அதற்குள் பழைய பாடமாகிவிட்டன. 2002இல் போர் ஓய்ந்து பாதை திறந்தபோது சிவகரன் பஸ்ஸில் வந்து மறுபடியும் மாதிரி எடுத்தார். மேரிஜோசப்பினுடைய வீட்டில் தங்கினார், கூழ் குடித்தார், படலை விளக்கைப் பார்த்தார், போனார். கருவி சொன்ன பதில் இது: சோறு, மீன், பனம்பழப் பனாட்டு, தேத்தண்ணி. அந்தத் தொழிலில் எண்ணெய்க்கு இரண்டு மணிக்கூடு பார்ப்பார்கள், ஒன்று சூட்டைக் காட்டும், மற்றது காலத்தைக் காட்டும். சுருவில் எண்ணெயின் சூடு, பத்துக் கோடி வருடம் புதைந்து வெந்த சூடு. காலம் பன்னிரண்டு வருடம். இவ்வளவு சூடு பன்னிரண்டு வருடத்துக்குள் எங்கிருந்து வந்தது என்று சிவகரன் தலையைப் பிய்த்துக்கொண்டார். காத்திருக்கிறவர்களின் நெஞ்சில் எவ்வளவு சூடு இருக்கும் என்று சுருவிலில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், ஆனால் அவர் யாரையும் கேட்கவில்லை. ஏழு தரம் அதே எண்ணெயைக் கருவிக்குள் விட்டார். ஏழாம் தரம், இரண்டாயிரத்து இரண்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்துப் பார்த்தார். பிறகு பின்னேரம் வரைக்கும் ஆய்வுகூடத்துக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கோப்பில் 'மாதிரி அழுக்கானது' என்று மறுபடியும் எழுதினார். அடுத்த பொங்கலுக்கு இறுப்பிட்டிக்கு வந்து, தாய் சாமியறையில் சுருவில் எண்ணெய் விளக்கைக் கொளுத்திக் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் கொழும்புக்குப் பஸ் ஏறினார்.

அவர் பூட்டிவைத்தாலும் ஒரு வரி வெளியே போய்விட்டது. அந்த எண்ணெயில் ஒரு கும்பலில் மட்டும் குங்கிலியம் இருந்தது. குங்கிலிய மரங்கள் மழைக்காட்டு மரங்கள், இந்தப் பக்கத்தில் எந்தக் காலத்திலும் முளைத்ததில்லை. கந்தோரில் பெரியவர்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. கோடி வருடங்களுக்கு முன்னர் கிழக்கே போர்னியோப் பக்கத்துக் காடுகளிலிருந்து ஒரு பேராறு ஓடிவந்து, தீவுப்பகுதிக்குக் கீழே மரங்களைக் கொட்டியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அதற்குள் கணனியும் வந்துவிட்டது. அடுக்கடுக்காகப் பாறையைக் கணக்காகக் கொடுத்தால், பத்துக் கோடி வருடத்தை ஒரு பகல் பொழுதில் ஓட்டிக்காட்டும். அந்தக் கணனிக்குள் ஆற்றை விட்டார்கள். 2006இல் வெளிநாட்டுக்காரர் முன்னிலையில் காட்டிய படத்தில், வங்காள விரிகுடாவுக்குக் குறுக்கே நீல நிறத்தில் ஓடிவந்து சுருவிலில் முடிந்தது அந்த ஆறு. அதற்கு மூன்று கிளைகளும் இருந்தன. சிவகரன் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினார்.

ஒருவரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றை எடுத்துவிட்டுக் கணனியைப் பின்னோக்கி ஓடவிட்டார். எண்ணெய் கல்லுக்குள் இறங்கியது, சூடு தணிந்தது, மூடி கழன்றது. 1990 ஐப்பசி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்றேகால் என்ற இடத்தில் கணனி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் வெறும் கிணறும் எட்டு முழம் தண்ணீரும்தான். எல்லாம் பொருந்தியது, குங்கிலியம் ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை அவர் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறு உண்மையானால் குங்கிலியம் உண்மை, குங்கிலியம் உண்மையானால் எண்ணெய் பழைய எண்ணெய், எண்ணெய் பழையதானால் அதற்குள் அவருடைய அப்பா இல்லை. இவ்வளவு படித்த மனிதர் இப்படி ஒரு கணக்குப் போடலாமா என்று கேட்பவர்கள், தகப்பனைத் தேடியிருக்க மாட்டார்கள்.

2008 மாசியில், பாதை மறுபடியும் பூட்டியிருந்ததால் விமானமேறி, அனுமதி மேல் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் மூன்றாம் தரம் சுருவிலுக்கு வந்தார். காலை பத்து மணி. குசினிக்குள் மேரிஜோசப்பின் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்ரனிட்டா அப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர், பள்ளிக்கூடம் போய்விட்டாள். சிவகரன் படத்தாளைப் பாயில் விரித்து வைத்தார்.

"அக்கா, முந்தி இஞ்சால பெரிய காட்டு மரங்கள் ஏதும் நிண்டதாக் கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?"

"இஞ்ச பனையும் பூவரசும்தான் தம்பி. என்னத்துக்குக் கேக்கிறீர்?"

"இந்த எண்ணெயில ஒரு மரத்தின்ர பிசின் கிடக்கு. எப்பிடி வந்ததெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாமல் கிடக்கு. ஆறு கொண்டந்ததெண்டு கந்தோரில சொல்லுகினம்."

"என்ன பிசின்?"

"குங்கிலியம்."

மேரிஜோசப்பின் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, தேத்தண்ணி நிலத்தில் ஓடியது. பிறகுதான் கேத்திலை வைத்தாள்.

"சுறா எண்ணெயும் கிடக்கோ?"

சுறா எண்ணெயைப் பற்றிச் சிவகரன் யாருக்கும் வாய் திறந்ததில்லை. "ஓம்" என்றார்.

"ரெண்டையும் ஒண்டாக் காய்ச்சினமாதிரியோ?"

"ஓம் அக்கா. பிரிக்க ஏலாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கு. குங்கிலியம் ரெண்டு பங்கு, சுறா எண்ணெய் ஒரு பங்கு."

அவள் எழும்பிப் போய், கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு மண்சட்டியை இழுத்தெடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். அடியில் கறுப்பாகக் கல்லுப்போல ஏதோ இறுகிக் கிடந்தது. "கலப்பத்துக்குப் பூசுறது. மற்ற ஊர்க்காரர் சரிக்குச் சரிதான் போடுவினம். ரெண்டுக்கு ஒண்டு போடுறது இவர் மட்டும். அப்பதான் உப்புத்தண்ணி உள்ளுக்குப் போகாது எண்டு சொல்லுவார்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அண்டைக்கும் யாகப்பு அண்ணையின்ர வள்ளத்தில வேலை செய்துகொண்டு நிண்டவர். முழங்கை மட்டும் ரெண்டு கையும் கறுப்பு. கையைக் கழுவிப்போட்டு வாறன் எண்டு கேட்டவர். கழுவ விடேல்லை."

வங்காள விரிகுடாவுக்குக் குறுக்கே வந்த ஆறும், அதன் மூன்று கிளைகளும் அந்தக் குசினியில் வற்றிப்போயின. சிவகரன் படத்தாளைச் சுருட்டினார். மேரிஜோசப்பின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பில்லாதவள் என்றாலும் முகம் பார்க்கத் தெரிந்தவள்.

"உமக்கு இது புதுசில்லை, என்ன தம்பி? எப்ப தொட்டுத் தெரியும்?"

"ரெண்டாயிரத்து ரெண்டில."

"ஆறு வருசம்." அவள் விரலை மடக்கி எண்ணவும் இல்லை. "ஆறு வருசமா, இந்தப் படலையடியில நான் ஆரைக் கொளுத்தி வைச்சுக்கொண்டு, ஆரைப் பாத்துக்கொண்டு இருந்தனான்?"

"சொன்னால் கிணத்தை மூடிப்போடுவாங்கள் அக்கா. மிச்சமா இருக்கிறது இது ஒண்டுதான்." சுருட்டிய படத்தாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "என்ர அப்பாவும் அதுக்குள்ளதான்" என்றார்.

"அம்மாவுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"போய்ச் சொல்லும்" என்றாள் மேரிஜோசப்பின். "முதல் அதைப் போய்ச் சொல்லும்." அன்று பொழுதுபட்டபோது, படலை விளக்கிலிருந்த எண்ணெயைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் போத்தலுக்குள் திருப்பி ஊற்றினாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தரமாக அந்த ஒழுங்கை இருண்டு கிடந்தது.

விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாகப்பு தகரப் பேணியைக் கோயில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார், பிறகு நற்கருணை விளக்கை நூர்த்துவதா விடுவதா என்று தெரியாமல் அதற்கு முன்னால் முழந்தாளில் நின்றார். சில வீடுகளில் பெண்கள் சத்தியெடுத்தார்கள். ஒருத்தி குசினிச் சுவரில் படிந்திருந்த கொஞ்சநஞ்சக் கரியை வழித்து ஒரு சிமிழில் போட்டு வைத்தாள். அந்த எண்ணெய் வெளிச்சத்தில் பிள்ளை பெற்றிருந்தார்கள், பரீட்சைக்குப் படித்திருந்தார்கள், சீட்டு விளையாடியிருந்தார்கள். இருபத்துமூன்று பேரிலிருந்து பன்னிரண்டு வருடம் எரிகிற அளவு எண்ணெய் வரவே வராது என்று சிவகரனுடைய கணனி சொன்னது. சுருவில் பெண்கள் கணனியை நம்பவில்லை. அவர்களுக்குத் தங்கள் ஆண்களைத் தெரியும், வீட்டுக்கு ஒரு போத்தல் குறைய விடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். அதன்பிறகும் சனிக்கிழமைகளில் எண்ணெய் வரத்தான் செய்தது. வந்ததை எடுத்து, எரிக்காமல், கோயிலில் ஒரு பெரிய சாடிக்குள் சேர்த்துவைத்தார்கள்.

மேரிஜோசப்பின் வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டாள். அழவும் இல்லை. மனிசன் செத்துப்போனது அவளுக்குப் பாதித் துக்கம், அவரைத் தன் கையாலேயே திரி போட்டு எரித்தது மற்றப் பாதி. ஏழு மாதம் இப்படிப் போனது. புரட்டாசியில் ஒரு நாள் சீதேவி அம்மா இறுப்பிட்டியிலிருந்து வந்து இறங்கினார். மகன் எல்லாம் சொல்லியிருந்தார். சீதேவி அம்மா நேரே உள்ளே வந்து, பாயில் சுருண்டு கிடந்தவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஏன் பிள்ளை இப்பிடிக் கிடக்கிறாய்?"

"நான் எரிச்சுப்போட்டன் அம்மா. எங்கட ஆக்களைப் புதைக்கிறது. நான் எரிச்சுப்போட்டன்."

"எங்கட ஆக்களை எரிக்கிறது" என்றார் சீதேவி அம்மா. "என்ர மனிசனுக்கு ஒரு கொள்ளி வைக்கக் கிடைக்கேல்லையே எண்டு பதினெட்டு வருசமா நெஞ்சு வெந்தனான். இப்பதான் தெரியுது, ஒவ்வொரு நாளும் வைச்சிருக்கு. நான் வைச்சன், நீயும் வைச்சாய். என்ர மனிசனுக்குக் கொள்ளி வைச்சவள் நீ. எழும்பு."

மேரிஜோசப்பின் அப்போதுதான் அழுதாள். அழுது முடிந்து எழும்பி முகம் கழுவியபோது பின்னேரமாகிவிட்டது. "அப்ப நான் புதைக்கேக்க உங்கட ஐயாவும் சேர்ந்துதான் புதையப்போறார் அம்மா" என்றாள். "புதையட்டும்" என்றார் சீதேவி அம்மா. "தனிய விடாதை."

அப்படியே நடந்தது. கார்த்திகை இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்களின் திருநாள், இருபத்துமூன்று ஜாம்போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, சாடியிலிருந்த எண்ணெயைப் பங்கிட்டார்கள். சிவகரனும் வந்திருந்தார். யாருடையது எது என்று பிரித்துத்தர உங்கள் கருவியால் முடியுமா என்று யாகப்பு கேட்டார். இன்றைக்கு முடியாது, பத்து வருடத்தில் முடியலாம் என்றார் சிவகரன். பத்து வருடம் காத்திருக்கப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு போத்தலிலும் இருபத்துமூன்று பேரும் இருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதி ஒட்டினார்கள். எண்ணெய்க்கு அடக்கப் பூசை வைக்கலாமா என்று சுவாமி இரண்டு நாள் யோசித்தார். திருச்சபையில் எண்ணெய் மந்திரிப்பது புதிய விஷயம் அல்ல என்று கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெள்ளை உடுத்து வந்தார். பதினாறு போத்தல்கள் சேமக்காலையில் பதினாறு குழிகளில் இறங்கின. பத்திநாதர் என்று எழுதியதை மேரிஜோசப்பின் தன் கையால் இறக்கினாள், அன்ரனிட்டா முதல் பிடி மண் போட்டாள். சைவர்களுடைய ஏழு போத்தல்களைச் சீதேவி அம்மாவும் மற்றப் பெண்களும் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சட்டிகளில் ஊற்றிக் கொளுத்தினார்கள். தகப்பனுடைய பெயர் எழுதிய சட்டிக்குச் சிவகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தார். புகை இல்லாமல் எரிந்து முடிந்தது. ஆக, இருபத்துமூன்று பேரும் பதினாறு தரம் புதைக்கப்பட்டு, ஏழு தரம் எரிக்கப்பட்டார்கள். முன்னர் பன்னிரண்டு வருடம் எரிந்தது இந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய் வரவில்லை. கிணற்றுக் கட்டு குளிர்ந்துவிட்டது, முழங்கால் நோவுக்காரர்கள் வேறு இடம் பார்த்தார்கள். கீழே இனி ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் எண்ணெயாகி மேலே வந்து முடிந்துவிட்டது என்று கணனி சொன்னதாகச் சிவகரன் எழுதினார். இதை மட்டும் பெண்கள் நம்பினார்கள்.

2009 வைகாசியில், யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை, அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்தது. தீவுப்பகுதியில் கிணறு என்றால் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர்தான். இது கற்கண்டுத் தண்ணீர். ஊர்காவற்றுறையிலிருந்தும் பிளாஸ்டிக் கான் கொண்டுவந்து அள்ளிப்போகிறார்கள். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வாளி கறுப்பாக வரும், குங்கிலிய மணம் மணக்கும். சிவகரன் அதையும் ஒரு போத்தலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இரண்டுக்கு ஒன்று என்று ஒரே வரியில் கடிதம் போட்டார். முதல் வாளியை யாரும் குடிப்பதில்லை, பத்திநாதர் கை கழுவுகிற தண்ணீர் என்று சொல்லி வாழைக்கு ஊற்றிவிடுவார்கள். இரண்டாவது வாளி தெளிவாக வரும், அதில்தான் ஊர் தேத்தண்ணி வைக்கிறது. மேரிஜோசப்பின் கிணற்றுக் கட்டில் கை கழுவுகிற சவர்க்காரக் கட்டி ஒன்று வைத்திருக்கிறாள். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. மாதத்துக்கு ஒன்று கரைந்து முடிகிறது, மழையில்லாத மாதங்களிலும்.